கோவலன் நடந்த வழியில் ஒரு மிதிவண்டிச் செலவு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சுற்றுலா என்றால் பேருந்து, பேருந்து என்றால் ஒலிபெருக்கி, ஒலிபெருக்கி என்றால் திரைப்பாடல் என்று ஆகிவிட்டது. விடியலில் ஏறி, உறங்கி, ஓர் அணைக்கட்டின் முன் இறங்கி நிழற்படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் உறங்கியபடியே ஊர் திரும்புவதைக் கல்விச் சுற்றுலா என்கிறோம். கல்விக்கும் அது பொருந்தவில்லை, உலாவுக்கும் பொருந்தவில்லை. உலா என்றால் மெல்ல வலம் வருதல் என்பதே நம் இலக்கிய வழக்கு. மெல்லவும் செல்ல வேண்டும், ஒரு நாளில் எழுபது கிலோமீட்டரும் கடக்க வேண்டும் என்றால் மனிதன் கண்ட கருவிகளுள் மிதிவண்டிக்கு நிகரானது வேறில்லை என்பது என் துணிபு. சென்ற தை மாதத்தில் ஓர் ஆசிரியையும் மாணவ மாணவியர் பதினொருவருமாக நாங்கள் மேற்கொண்ட இருநாள் செலவை முன்வைத்து இதனை இங்கு ஆராயப் புகுகிறேன்.

மேலை நாடுகளில் இது புதிதன்று. இத்தாலி நாட்டின் தஸ்கனி மாநிலத்தில் குன்றுகள் மிகுதி. ஒவ்வொரு குன்றின் தலையிலும் மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊர். சான் ஜிமிஞானோ என்னும் சிற்றூரில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தனவாம். இன்று நிற்பவை 14. செல்வக் குடும்பங்கள் ஒன்றையொன்று விஞ்சக் கட்டியவை அவை. மான்டெரிஜியோனி என்ற ஊர் 13ஆம் நூற்றாண்டில் சியனா நகரத்தார் எழுப்பிய காவற்கோட்டை. இவ்வூர்களுக்கிடையே பத்துப் பதினைந்து பேர் கூட்டாக மிதிவண்டியில் சென்று ஊருக்கு ஓர் இரவு தங்குவது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அதைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. அப்பகுதியில் தார் போடாத வெண்ணிறச் சரளைப் பாதைகள் உண்டு. அவை ஒவ்வொன்றாகத் தாருக்குள் மறைவதைத் தடுக்க எண்ணி, 1997இல் ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் கயோலே என்ற ஊரில் ‘எரோயிகா’ என்ற மிதிவண்டி விழாவைத் தொடங்கினார். 1987க்கு முற்பட்ட அமைப்புடைய பழைய வண்டிகளுக்கே அவ்விழாவில் முதலிடம். மிதிவண்டிக்காகப் பாதை போடுவது உலக வழக்கு. பாதையைக் காப்பாற்ற மிதிவண்டியைக் கொண்டுவந்தது இவ்வூராரின் அறிவு.

இந்த வழியாகவே கி.பி. 990ஆம் ஆண்டளவில் சிகெரிக் என்னும் ஆங்கிலேயப் பேராயர் ரோமாபுரியிலிருந்து கான்டர்பரிக்குத் திரும்பினார். தாம் தங்கிய எண்பது இடங்களின் பெயர்களையும் அவர் குறித்து வைக்க, இன்றும் பயணிகள் அக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு செல்கின்றனர். 990 என்றால் நம் முதலாம் இராசராசன் அரியணை ஏறி ஐந்தாண்டு. அக்காலத்து வழி ஏதேனும் நம் பக்கம் உண்டா என்று தேடினால், அதைவிடப் பழைய வழியே கிடைக்கிறது. அதுவும் நம் கல்லூரி வாசலை ஒட்டியே செல்கிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் பூம்புகாரிலிருந்து காவிரிக் கரையோடு வந்து, அரங்கத்தை அடைந்து, ஆற்றைக் கடந்து உறையூரில் தங்குகின்றனர். அங்கிருந்து தென்திசை நடக்கையில் மாங்காட்டு மறையோன் ஒருவன் எதிர்ப்பட்டு மதுரைக்குச் செல்லும் வழியை விளக்குகிறான். கொடும்பை என்னும் ஊரின் பெருங்குளத்தருகே வழி மூன்றாகப் பிரியும்; சிவபெருமான் கைச் சூலம் போல் பிரியும்; வலப்பக்க வழி சிறுமலை பக்கமாகவும் இடப்பக்க வழி திருமால்குன்றம் பக்கமாகவும் செல்லும் என்கிறான். அந்தக் கொடும்பைதான் இன்றைய கொடும்பாளூர். திருவரங்கம், உறையூர், கொடும்பாளூர் என்ற இந்த மூன்று புள்ளிகளையும் இணைத்தால் திருச்சி–மதுரை நெடுஞ்சாலையின் வடபாதி கிடைத்துவிடுகிறது. காடுகாண் காதையைத் தேர்வுக்காகப் படித்தவர் நம்முள் பலர். அந்தக் காடு எங்கே இருந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்?

எனவே எங்கள் வழி இவ்வாறு அமைந்தது: முதல் நாள் திருச்சி, விராலிமலை, கொடும்பாளூர், இலுப்பூர், அன்னவாசல், சித்தன்னவாசல், புதுக்கோட்டை. மறுநாள் புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலை, கீரனூர் வழியாகத் திருச்சி. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கொல்லிமலைக்கே போய்விடலாம் என்று சொன்ன வீரர்களும் எங்களில் இருந்தனர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கியர் இல்லாத வண்டியில் ஏறுவதாயின் அது மிதிவண்டிச் செலவாக இராது, வண்டி தள்ளும் செலவாகவே முடியும் என்று ஆசிரியை கூறியதும் அப்பேச்சு அடங்கிற்று.

திருவரங்கத்து வீதிகளில் ஒத்திகை

புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருவரங்கத்தில் பயிற்சி செய்தோம். இத்தாலியில் மதிலுக்குள் ஊர் என்று வியக்கிறார்களே, நம்மிடம் மதிலுக்குள் மதில், அதற்குள் மதில் என ஏழு திருச்சுற்றுகள் இருக்கின்றன. வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். பால் கறக்கிறார்கள், கடை வைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கோட்டைக்குள் வாழும் நகரம் என்பதற்கு இதைவிட உயிருள்ள சான்று வேண்டுவதில்லை. உத்தரவீதி, சித்திரைவீதி, அடையவளைந்தான் வீதி என்று ஒன்றனுள் ஒன்றாகச் சதுரமாக அமைந்த வீதிகள் மிதிவண்டி பழகுவோர்க்கென்றே போட்டவை போல் இருக்கின்றன. நான்கே திருப்பங்கள், தேர் திரும்புவதற்காக விட்ட அகலம்.

ஏழு மதில்களின் மொத்த நீளம் 32,592 அடி என நூல்களில் காண்கிறோம். கிட்டத்தட்டப் பத்துக் கிலோமீட்டர். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர் செல்லும். ஆக அம்மதில்களை எல்லாம் ஒரே கோடாக நீட்டினால் சக்கரம் ஏறக்குறைய 4,450 முறை சுழல வேண்டும். ஸ்போக்ஸ் கம்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, அது மேலே வரும்போதெல்லாம் எண்ணினால் எந்த வீதியின் நீளத்தையும் நாமே அளக்கலாம். ஆய்வகத்தில் வெர்னியர் அளவி பிடிப்பதைக் காட்டிலும் அளவை என்பது என்ன என்று இது நன்கு உணர்த்துகிறது. எண்ணுகிறவர் இடையில் பேசாதிருக்க வேண்டும், அவ்வளவே.

இராசகோபுரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரம் அது. 1979இல் பணி தொடங்கி, 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக 1987 மார்ச் 25ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது. சான் ஜிமிஞானோவின் மிக உயர்ந்த கோபுரம் 54 மீட்டர், நம்முடையது 72. நிலவுருண்டையின் வளைவை மட்டும் கருதினால் 72 மீட்டர் உயரப் பொருள் முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மரமும் மாடிவீடும் புழுதியும் விடுவதில்லை. ஆயினும் வழிநடையாளர்க்கு ஊர் இருக்குமிடம் காட்டிய கருவி கோபுரமே என்பது மிதிவண்டியில் திரும்பும்போது நன்கு விளங்கும்.

கருவியின் இயல்

எங்களில் பலர் ஓட்டியவை பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகள். கல்லூரிக்கு வந்தபின் திண்ணையில் சாத்தி வைத்திருந்தவற்றைத் தூசு தட்டி, பால்ரஸ் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு எடுத்துவந்தோம். பழைய 28 அங்குல வண்டி ஒன்றும் கூட வந்தது. அதை அளந்தோம். முன் பல்சக்கரத்தில் 44 பற்கள். பின்னால் ஃப்ரீவீலில் 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் 2.44 சுற்றுச் சுழன்று வண்டி சுமார் 5.46 மீட்டர் செல்லும். ஒரு கிலோமீட்டருக்கு 183 மிதி. 140 கிலோமீட்டருக்கு இருபத்தையாயிரத்தைத் தாண்டிவிடும். இதைப் புறப்படும் முன் எவரிடமும் கூறாதிருத்தல் நலம்.

இனி விசை. ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் எனக் கொள்வோம். சமதரையில், நன்கு காற்றடைத்த டயருக்கு உருளல் தடை ஏறத்தாழ 6 நியூட்டன். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடையும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டையும் வெல்ல ஐம்பது வாட் திறன் போதும். ஒரு பழைய குண்டு பல்பு எரியும் அளவு. ஆனால் நூற்றுக்கு மூன்று என்ற மேட்டில் ஏறினால் புவியீர்ப்பு மட்டும் 23 நியூட்டன் கேட்கும். கண்ணுக்கு மேடாகவே தெரியாத அந்தச் சரிவு, உருளல் தடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விசையைக் கூடுதலாகக் கேட்கிறது. பேருந்தில் செல்பவருக்குத் திருச்சி–விராலிமலைச் சாலை தட்டையாகத் தோன்றும். மிதிப்பவரின் தொடைக்கு அது தட்டையன்று என்பது தெரியும். நிலத்தின் அமைப்பைத் தசை கொண்டு படிப்பது என்று இதைச் சொல்லலாம்.

காற்றின் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், நாம் 15இல் சென்றாலும் உடல் உணர்வது 35. தடை ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்குத் திருச்சி எப்படி ஆளாகிறது என்பதை இங்குள்ளவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவேதான் தை மாதம்.

கொடும்பாளூர் முதல் குடுமியான்மலை வரை

நான்கு வழிச் சாலையில் விராலிமலை வரை சென்ற முப்பது கிலோமீட்டரும் இச்செலவின் மிக மோசமான பகுதி. கனரக வண்டிகள் உரசிக்கொண்டு போயின. விடியலிலேயே புறப்பட்டதும், ஒருவர் பின் ஒருவராகச் சென்றதும், முதலாமவரும் கடைசியானவரும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்ததும் நல்ல ஏற்பாடுகள். விராலிமலையில் முருகன் கோயில் அடிவாரத்தில் இட்டிலி உண்டோம். மயில்கள் எங்களைப் பொருட்படுத்தவில்லை.

கொடும்பாளூரில் மூவர் கோயில் மூன்றாக இருந்து இரண்டாக எஞ்சியது. இருக்குவேளிர் மரபினனான பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று தளிகளை ஒரே வரிசையில் எடுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. காலம் பத்தாம் நூற்றாண்டு என்பர் பலர். நடுவணதும் தென்புறத்ததும் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே உண்டு. அந்த வெறும் அடித்தளத்தின் மேல் நின்று பார்த்தபோதுதான் ஒரு கற்றளி எப்படி அடுக்கப்படுகிறது என்பது புரிந்தது. முழுமையாக நிற்கும் கோயில் தன் உள்ளமைப்பைக் காட்டுவதில்லை. வழி மூன்றாகப் பிரிந்த ஊர் ஆகையால் சோழர், பாண்டியர், பல்லவர் என எவர் படை நடத்தினாலும் இவ்வூரைக் கடந்தே தீர வேண்டியிருந்தது. வேளிர் சிற்றரசராயினும் பேரரசர் அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த காரணம் இந்த முச்சந்திதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இலுப்பூர்ப் பாதையில் திரும்பியதும் போக்குவரத்து ஓய்ந்தது. புதுக்கோட்டை மாவட்டம் ஏரிகளின் நாடு. ஆயிரக்கணக்கான ஏரிகளும் கண்மாய்களும் இங்கே உள்ளன. ஓர் ஏரியின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தொலைவில், இரண்டு கற்கால்கள் குறுக்குச் சட்டத்தோடு நிற்பதைக் கண்டு வண்டிகளை நிறுத்தினோம். அதற்குக் குமிழித் தூம்பு என்று பெயர். நீருக்கடியில் ஒரு கற்பெட்டி உண்டு. மேற்புறத்தில் நீரோடித் துளை. பக்கவாட்டில் தரையை ஒட்டிச் சிறிய சேறோடித் துளைகள். கால்களுக்கிடையே உள்ள தண்டினை ஒருவர் நீந்திச் சென்று தூக்கினால் மேல்துளை திறந்து நீர் பாயும். அந்தப் பாய்ச்சலின் இழுப்பில் அடியிலுள்ள வண்டலும் சேறோடித் துளைகள் வழியே உடன் இழுக்கப்பட்டு வயலுக்குச் செல்லும். ஏரி தூர்வதும் குறையும், வயலுக்கும் உரம். பாய்மங்களின் அழுத்த வேறுபாட்டைப் பெர்னூலி 1738இல் நூலாக எழுதினார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, சமன்பாடு எழுதாமல், இம்மண்ணின் உழவர் அதைக் கல்லில் வைத்துப் பயன்கொண்டனர். பேருந்தின் சன்னலிலிருந்து பார்த்தால் அது இரண்டு கல், அவ்வளவே.

சித்தன்னவாசலின் அறிவர் கோயிலில் உள்ள ஓவியங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். தாமரைத் தடாகமும், மலர் கொய்யும் துறவியரும், தூண்களில் ஆடும் மகளிரும் நாளுக்கு நாள் மங்கிவருகின்றனர் என்பதை மட்டும் சொல்லி அமைகிறேன். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கினான் எனக் கல்வெட்டு உண்டு. இயற்பியல் மாணவியான என்னை ஈர்த்தது உள்ளறையின் ஒலி. அங்கே நின்று தாழ்ந்த குரலில் முனகினால், ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் சுவர்களே சேர்ந்து முனகுவது போல் ஒலி பெருகுகிறது. ஒத்ததிர்வு என்று பாடத்தில் படித்ததேதான். சுமார் மூன்று மீட்டர் பக்கமுள்ள கற்கூடத்துக்கு அடிப்படை அதிர்வெண் 57 ஹெர்ட்ஸ் அளவில் வரும். அதன் இருமடங்கான 115 ஓர் ஆடவரின் தாழ்ந்த குரலுக்குப் பொருந்துகிறது. எங்களுடன் வந்த மாணவர்கள் முனகியபோது அறை உடனே விடை சொன்னது. மாணவியர் குரலைத் தாழ்த்தித் தேட வேண்டியிருந்தது. இதற்கு ஒலிக்கவையும் ஒத்ததிர்வுக் குழாயும் கொண்டு சோதனை நடத்தும் வகுப்பறை எதுவும் ஈடாகாது.

குன்றின் கிழக்குச் சரிவில் ஏழடிப்பட்டம். பாறையில் குடைந்த ஏழு படிகளில் கால்வைத்துச் செங்குத்தாகக் கடந்தால் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் வழவழவென்று கிடக்கின்றன. கிறித்து பிறப்பதற்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்து ஒரு படுக்கையின் ஓரத்தில் உண்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் படுத்த இடம் என்று சொன்னதும், அதுவரை பேசிக்கொண்டே வந்த எங்கள் கூட்டம் முழுவதும் வாய் மூடிக்கொண்டது.

குடுமியான்மலை எங்கள் திட்டத்தில் இல்லாத ஊர். அன்னவாசலில் தேநீர்க் கடை வைத்திருந்த பெரியவர், “இவ்வளவு தூரம் வந்துட்டு அதப் பாக்காமப் போறீகளே தாயி” என்று சொன்னதால் திரும்பினோம். குன்றின் சரிவில், குடைவரையை அடுத்த பாறையில், இசைப் பயிற்சிக்கான சுரங்களையே கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்துப் பல்லவ கிரந்தம். மகேந்திரவர்மன் வெட்டியது என்று முன்னர்க் கூறினர். அதனை ஐயுறுவோரும் உளர். எவர் வெட்டினாலும், பாட்டுப் பாடத்தைப் பாறையில் எழுதி ஊர் நடுவே வைத்தவரைப் போற்றத்தான் வேண்டும்.

இந்த மாவட்டமும் மிதிவண்டியும்

குடுமியான்மலைப் பெயரோடு இன்னொரு வரலாறும் சேர்ந்திருக்கிறது. இக்கட்டுரையை நான் எழுதத் துணிந்ததே அதன் பொருட்டுத்தான். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள். எழுத்தறிவுத் தொண்டர்களான பெண்கள் ஊர் ஊராகச் செல்ல வண்டி வேண்டும் என்ற தேவையிலிருந்து மிதிவண்டிப் பயிற்சி இயக்கத்தின் ஒரு பகுதியாயிற்று. கற்பிக்க வந்தவர் கற்றனர். கற்க வந்தவரும் கற்றனர். வயல்வேலை செய்த பெண்கள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியைகள் எனப் பலரும் மாலை வேளைகளில் திடல்களில் விழுந்து எழுந்து பழகினர். குடுமியான்மலைக் குவாரிகளில் கல் உடைத்த பெண்களும் அவர்களுள் இருந்தனர். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டப் பழகிவிட்டனர் என்றும், எழுபதாயிரம் பேர் பொது ஊர்வலங்களிலும் போட்டிகளிலும் ஓட்டிக் காட்டினர் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். கடைகளில் பெண்கள் வண்டி தீர்ந்துபோனதால் ஆண்கள் வண்டியையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவரும் உண்டு.

என் அம்மாயி அந்த லட்சத்தில் ஒருவர். கையெழுத்தும் சைக்கிளும் அவருக்கு ஒரே ஆண்டில் வந்தன. “பஸ்ஸுக்கு ரோட்டுல நிக்கிற நேரத்துக்கு நாலு கொடம் தண்ணி கொண்டாந்துருவேன்” என்பது இதைப் பற்றி அவர் சொல்லும் ஒரே கருத்துரை. விடுதலையெல்லாம் அவர் பேசுவதில்லை, நேரத்தைப் பேசுவார். ஆராய்ந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து அவர் பேத்திக்கு இச்செலவில் வர இசைவு கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. எங்கள் துறையில் பெயர் கொடுத்த மாணவியர் ஒன்பதின்மர், புறப்பட்டவர் மூவர். பதினாறு வயதில் பள்ளிக்கு ஏழு கிலோமீட்டர் தனியே மிதித்துச் சென்ற பெண், பத்தொன்பது வயதில் பன்னிருவரோடு செல்வதற்கு ஏன் அச்சம் என்று கேட்டால், “பள்ளிக்கூடம் வேற, ஊர் சுத்துறது வேற” என்ற விடை வருகிறது. மிதிவண்டி ஓட்டுவதில் எவர்க்கும் தடையில்லை. மிதிவண்டியில் எங்கே போவது என்பதிலேதான் தடை. பள்ளி, ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய் என்று பயன் கருதிய இடங்களுக்குப் போகலாம். ஒரு கோயிலின் அடித்தளத்தைப் பார்க்க, ஒரு குகையில் முனக, ஒன்றும் வாங்காமல் திரும்பப் போகலாம் என்றால் அங்கே தயக்கம். வரலாறும் அறிவியலும் பயன் கருதாது ஊர் சுற்றியவரால் வளர்ந்தவை என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. எங்கள் ஆசிரியை மூவர் வீட்டுக்கும் நேரில் வந்து, வழி, தங்குமிடம், நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் கதவு திறந்தது. அம்மாயி ஒன்றும் பேசாமல் வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துவந்து வைத்தார்.

நார்த்தாமலை

புதுக்கோட்டையில் ஒரு தோழியின் வீட்டில் மாணவியரும், அருகிலிருந்த மண்டபத்தில் மாணவரும் தங்கினோம். புதுக்கோட்டை 1948 மார்ச் 3ஆம் நாள் இந்தியாவுடன் இணையும்வரை தனி அரசாக விளங்கியது. அம்மன் காசு என்ற சிறு நாணயம் அங்கு வழங்கியது. தோழியின் தாத்தா ஒன்றைக் காட்டினார். 1974 வரை அந்நிலம் நம் திருச்சி மாவட்டத்தில் இருந்ததென்பதை எங்களில் பாதிப் பேர் அன்றுதான் அறிந்தனர்.

மறுநாள் நார்த்தாமலை. நகரத்தார் மலை என்பதன் திரிபு என்பர். நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் இங்கு வலிமை பெற்றிருந்தனர். தெலுங்குக் குலகாலபுரம் என்ற பெயரும் கல்வெட்டுகளில் உண்டு. மரமற்ற வழுக்குப் பாறைகளாக ஒன்பது குன்றுகள். அடிவாரத்தில் வண்டிகளைப் பூட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலமலைமீது ஏறினோம். ஒன்பதாம் நூற்றாண்டு விசயாலய சோழீச்சுரம் மேற்கு நோக்கி நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சோழன் பெயர் தாங்கினாலும் முத்தரையர் மரபினனான சாத்தன் பூதி எடுப்பித்தது என்பது கல்வெட்டுச் செய்தி. எதிரே பாறையைக் குடைந்த இரு குடைவரைகள். பெரியதில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. சமணர் குடகு என ஊரார் அழைக்கும் அக்குகை பின்னர்ப் பதினெண்பூமி விண்ணகரம் ஆயிற்று. சமணம் போய் வைணவம் வந்தபின்னும் ஊர் வாய்ப்பேச்சு பழைய பெயரை விடவில்லை. இடப்பெயர் ஆய்வு செய்யும் தமிழ்த்துறை நண்பர்கள் இதனைக் கருத வேண்டும்.

மலைமேல் நின்று பார்த்தால் சுற்றிலும் பாறைக் குன்றுகள். தொலைவில் கல் வெட்டும் இடங்களும் தெரிகின்றன. பாறையே ஏடாக உள்ள நாட்டில் பாறையே விற்பனைப் பொருளாகவும் இருக்கிறது. குவாரியில் உழைப்பவருக்கு அது சோறு. எனவே எளிதாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எரோயிகாவைத் தொடங்கிய இத்தாலியர் செய்தது போல், ஆண்டுதோறும் இருநூறு மாணவர் மிதிவண்டியில் வந்து இக்குன்றுகளைப் பார்த்துவிட்டு, அவ்வூர்க் கடையில் சாப்பிட்டுப் போனால், நிற்கும் பாறைக்கும் ஒரு விலை உண்டென்று ஊரார்க்குத் தோன்றும் அல்லவா? கல்லூரிக்கு ஆகும் செலவோ மிகச் சிறிது. எங்களுக்குத் தலைக்கு நானூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பின்வருவோர்க்குச் சில குறிப்புகள். இரு நாளில் எங்களுக்கு நேர்ந்த பஞ்சர் ஒன்பது. அவற்றுள் ஏழு சீமைக் கருவேல முள்ளால் வந்தவை. நிழலில் வண்டியை நிறுத்த ஆசைப்பட்டுக் கருவேல மரத்தடிக்குப் போகாதீர். பஞ்சர் ஒட்டும் பசை, துண்டு ரப்பர், வால்டியூப், ஸ்பேனர், பம்ப் ஆகியவை இருவருக்கு ஒரு செட் வேண்டும். வாடகை சைக்கிள் கடைகள் மறைந்துவிட்டமையால் வழியில் பழுது பார்ப்போர் அரியர். நீர் தலைக்கு மூன்று லிட்டர். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டுப் பதினொன்றுக்குள் பாதித் தூரத்தை முடித்துவிட வேண்டும்; நண்பகல் வெயிலில் பார்ப்பதற்குக் குடைவரைகளைவிடக் குளிர்ந்த இடம் இல்லை.

அடுத்த தை மாதத்தில் கல்லணை, திருவையாறு, தஞ்சை வழி செல்ல எண்ணியுள்ளோம். சமநிலம், காவிரிக் கரை, மேடே இல்லை. பெயர் கொடுக்க விரும்புவோர் இயற்பியல் துறை அறிவிப்புப் பலகையில் எழுதலாம். வேதியியல் துறை மாணவியர் இருவர் முதல் ஆளாக எழுதிவிட்டனர். அவர்களுள் ஒருவருக்கு இன்னும் ஓட்டத் தெரியாது. மாலை நாலரை மணிக்குமேல் கல்லூரித் திடலின் தென்மூலையில் பழகிக்கொண்டிருக்கிறார். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட ஆள் தேவை.